முட்டையே சாப்பிடாதவரின் முட்டை ஏப்பம்

கேக்கில் முட்டை கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார். அப்படிப்பட்ட சுத்த சைவக்காரருக்கு, கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாள் காலை பல் துலக்கும்போது ஒரு ஏப்பம் வருகிறது. அதில் அப்பட்டமான அழுகிய முட்டை வாடை. வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஒருவர் ஓமத் தண்ணீர், ஒருவர் சுக்குக் கஷாயம், இன்னொருவர் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ‘காஸ் மாத்திரை’. பசியேப்பம், புளியேப்பம் என்று வகை பிரித்து வைத்திருக்கும் வீட்டுப் பெரியவர்களாலும் இந்த மூன்றாவது வகை எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிவதில்லை.

யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான். ஏப்பத்தில் வெளியேறுவது பெரும்பாலும் நாம் விழுங்கிய காற்று. காற்றுக்கு மணமில்லை. உள்ளே போகும்போது இல்லாத நாற்றம் வெளியே வரும்போது எப்படி ஒட்டிக்கொண்டது?

ஏப்பம் உருவாகும் விதம்

ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் உணவோடும் எச்சிலோடும் கொஞ்சம் காற்றும் உள்ளே இறங்குகிறது. அவசர அவசரமாகச் சாப்பிட்டால், பேசிக்கொண்டே சாப்பிட்டால், சூயிங்கம் மென்றால் அது கூடும். கோலி சோடா குடித்தால் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்துகொள்ளும். இந்த வாயு இரைப்பையின் மேற்பகுதியில் தங்கி அதை உப்ப வைக்கிறது. இரைப்பைச் சுவர் இழுபடும் செய்தி வேகஸ் நரம்பின் வழியே மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து வரும் கட்டளையால், உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் எப்போதும் இறுகியிருக்கும் சுருக்குத்தசை சில விநாடிகள் தளர்கிறது. காற்று மேலே ஏறுகிறது. தொண்டைக்குக் கீழே இருக்கும் இன்னொரு சுருக்குத்தசையும் திறந்தால், ஏப்பம்.

இரண்டாவது கதவு திறக்காதவர்களும் இருக்கிறார்கள். வாழ்நாளில் ஒருமுறைகூட ஏப்பம் விட்டதில்லை, ஆனால் வயிறு உப்பிக்கொண்டே இருக்கும், கழுத்துக்குள் ‘கடகட’வென்று சத்தம் கேட்கும் என்று சொல்பவர்கள் இவர்கள். அமெரிக்கத் தொண்டை மருத்துவர் ராபர்ட் பாஸ்டியனும் அவரது சக மருத்துவரும் இப்படிப்பட்ட 51 பேருக்கு அந்தத் தசையில் போட்டாக்ஸ் மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்த அனுபவத்தை 2019-இல் வெளியிட்டார்கள். ஏப்பம் விட முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த நோயாளிகளுக்குத்தான் தெரியும்.

நேர்மாறான தொல்லையும் உண்டு. நிமிடத்துக்குப் பலமுறை, மணிக்கணக்கில் ஏப்பம் விடுபவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். இவர்கள் வயிற்றில் வாயு அதிகமாக உற்பத்தியாகிறது என்றுதான் மருத்துவர்கள் நீண்ட காலம் நினைத்தார்கள். நெதர்லாந்தில் பிரெடனோர்டும் அவரது குழுவினரும் 2004-இல் இதைச் சோதித்தார்கள். மூக்கு வழியே மெல்லிய குழாய் ஒன்றை உணவுக்குழாய்க்குள் இறக்கினார்கள். அந்தக் குழாயில் வரிசையாக உலோக வளையங்கள் இருந்தன. காற்று மின்சாரத்தை எளிதில் கடத்தாது; திரவம் கடத்தும். எனவே அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே மின்தடை எந்த வரிசையில் கூடுகிறது என்று பார்த்தால், காற்று இறங்குகிறதா, ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும்.

தெரியவந்தது இதுதான்: அடிக்கடி ஏப்பம் விடுபவர்களிடம் காற்று வெளியிலிருந்து உணவுக்குழாய்க்குள் உறிஞ்சப்பட்டு, இரைப்பையைத் தொடாமலே அடுத்த நொடியில் வெளியே தள்ளப்பட்டது. இதை ‘இரைப்பைக்கு மேலான ஏப்பம்’ எனலாம். தன்னை அறியாமல் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. மூச்சுப் பயிற்சியாலும் பேச்சுப் பயிற்சியாலும் குறைக்க முடிகிறது. வயிற்றுக்குள்ளேயே போகாத காற்றில் வயிற்றின் வாடையும் இருக்காது. எத்தனை ஏப்பம் என்பதும் எப்படிப்பட்ட ஏப்பம் என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்று இந்தச் சோதனை காட்டிவிட்டது.

நாற்றத்தின் முகவரி

நம் வீட்டு சிலிண்டரில் இருக்கும் சமையல் காஸுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியூண்டு கலக்கிறார்கள். கொஞ்சமே கசிந்தாலும் மூக்கு பிடித்துவிடுகிறது. குடல் வாயுவின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன், மெத்தேன் ஆகிய ஐந்தும் சேர்ந்தால் குடல் வாயுவில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஆகிவிடும். ஐந்தில் ஒன்றுக்கும் மணமில்லை. நாற்றம் முழுவதும் மிச்சமிருக்கும் அந்தச் சொற்பத்தில் இருக்கிறது.

அந்தச் சொற்பம் என்ன என்பதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர மருத்துவர் மைக்கேல் லெவிட்டின் குழு கொஞ்சம் கூச்சத்தை விட வேண்டியிருந்தது. ஆரோக்கியமான 16 பேருக்கு பீன்ஸ் பயறு கொடுத்து, அவர்களின் கீழ்வாயுவைக் காற்றுப் புகாத பைகளில் பிடித்தார்கள். கருவி ஒரு பக்கம் அதைப் பகுத்துச் சொன்னது. இன்னொரு பக்கம் இரண்டு நடுவர்கள் மாதிரிகளை முகர்ந்து மதிப்பெண் போட்டார்கள். 1998-இல் வெளியான முடிவின்படி, முதல் குற்றவாளி ஹைட்ரஜன் சல்ஃபைடு. அடுத்தடுத்து மெத்தேன்தியால், டைமெத்தில் சல்ஃபைடு. மூன்றிலும் பொதுவாக இருப்பது கந்தகம். அழுகிய முட்டையிலிருந்து வருவதும் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். முட்டை சாப்பிடாதவருக்கு முட்டை வாடை வருவதில் உள்ள பாதிப் புதிர் இதோடு அவிழ்ந்துவிடுகிறது: முட்டை தேவையில்லை, கந்தகமுள்ள புரதமும் அதைச் சிதைக்கும் நுண்ணுயிரும் போதும். பருப்பிலும் பாலிலும் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கிறது. பல பாக்டீரியாக்களிடம் அதை உடைத்து இந்த வாயுவை வெளியேற்றும் நொதி இருக்கிறது.

மனித மூக்கு இந்த வாயுவை, காற்றில் 100 கோடியில் சில பங்கு இருந்தாலே பிடித்துவிடும். எனவே ஏப்பம் நாறுகிறது என்பதால் வயிற்றில் வாயு மண்டிக்கிடக்கிறது என்று அர்த்தமில்லை. இதில் கொடிய முரண் ஒன்றும் உண்டு. அளவு மிக அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போய்விடும். கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கும் தொழிலாளர்களைக் கொல்லும் வாயுக்களில் இது முக்கியமானது.

வயிற்றில் சாப்பாடு அழுகுமா?

புதிரின் மறுபாதி கடினமானது. சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருங்குடலில் குவிந்திருக்கின்றன. கீழ்வாயு நாறுவதில் ஆச்சரியமில்லை. ஏப்பமோ மேலே, இரைப்பையிலிருந்து வருகிறது. அங்கே அழுகல் நடக்கிறதா?

செரிமானம் என்பதே ஒருவகை அழுகல்தான் என்று 18-ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தில் இருந்த லாசரோ ஸ்பல்லன்சானி அதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். சின்னத் துணிப் பைகளில் ரொட்டியையும் இறைச்சியையும் வைத்துத் தைத்துத் தானே விழுங்கினார். பறவைகளின் இரைப்பை நீரை எடுத்துச் சிறு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, அதில் இறைச்சித் துண்டுகளைப் போட்டார். உடம்பின் சூடு வேண்டுமே? குழாய்களைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு நாள்கணக்கில் நடமாடினார். இரைப்பை நீரில் கிடந்த இறைச்சி கரைந்துபோனது, நாறவில்லை. தண்ணீரில் போட்டு வைத்த இறைச்சிதான் நாறியது. செரிமானம் வேறு, அழுகல் வேறு என்று 1780-இல் வெளியான தன் நூலில் அவர் எழுதினார்.

அடுத்த சாட்சி அமெரிக்காவில் கிடைத்தது. 1822-இல் மக்கினா தீவில், விலங்குத்தோல் வணிகத்தில் கூலி வேலை பார்த்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் வயிற்றில் குண்டடிபட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் இரைப்பைக்குள் திறக்கும் ஓட்டை ஒன்று மூடாமலே நின்றுவிட்டது. ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் அந்த ஓட்டை வழியே பட்டு நூலில் கட்டிய உணவுத் துண்டுகளை இறக்கி, அவ்வப்போது வெளியே இழுத்துப் பார்த்தார். 1833-இல் அவர் வெளியிட்ட நூலில், இரைப்பை நீர் உணவை அழுகவிடாமல் தடுக்கிறது என்பதும் ஒரு முடிவு. அதற்குள் லண்டனில் வில்லியம் பிரவுட், அந்த நீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று கண்டறிந்திருந்தார்.

இன்று எண்ணிக்கையாகவே சொல்ல முடிகிறது. பெருங்குடலில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10,000 கோடி பாக்டீரியாக்கள். இரைப்பையில் வழக்கமாக ஆயிரத்துக்கும் கீழே. அமிலம் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகிறது. தப்பியவை பெருகுவதற்குள் உணவு கீழே இறக்கிவிடப்படுகிறது. பெருங்குடலில் இருப்பவை மேலே ஏறிவராதபடி குடலின் அலையசைவு தள்ளிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே நாறும் ஏப்பம் ஓயாமல் வந்தால் சந்தேகங்கள் நான்கு: கந்தகம் தட்டிலேயே வந்திருக்கலாம், உணவு தங்கிப்போயிருக்கலாம், வரக்கூடாத உயிர்கள் குடியேறியிருக்கலாம், வழி மாறியிருக்கலாம்.

தட்டிலேயே வந்தது

பெரும்பாலான நாறும் ஏப்பங்களின் கதை இங்கேயே முடிந்துவிடும். வெங்காயம், பூண்டு, பெருங்காயம், முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாமே கந்தகச் சேர்மங்கள் நிறைந்தவை. வாயுவுக்கு நல்லது என்று வாங்கும் செரிமான மிட்டாய்களிலும் ஜல்ஜீராவிலும் இருக்கும் கறுப்பு உப்பே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாடை கொண்டதுதான். மருந்து என்று அதைச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் இன்னும் நாறுகிறதே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. அந்தப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

பூண்டு மட்டும் தனி வழக்கு. காலையில் பல் துலக்கி நாக்கு வழித்த பிறகும் முந்தின இரவுப் பூண்டு மணப்பது ஏன்? 1999-இல் லெவிட்டின் குழுவே இதையும் பிரித்துப் பார்த்தது. பூண்டு தின்ற பிறகு வாயில் உள்ள காற்று, நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்று, சிறுநீர் மூன்றையும் சோதித்தார்கள். பெரும்பாலான வாயுக்கள் வாயில்தான் அதிகம் இருந்தன. அல்லைல் மெத்தில் சல்ஃபைடு என்ற ஒன்று மட்டும் மூன்றிலும் இருந்தது. குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியே அது மூச்சில் வெளியேறுகிறது. மறுநாள் பூண்டு மணத்துக்கு ஏப்பத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

வாயே காரணமாக இருப்பதும் சாதாரணம். ஈறு நோய், நாக்கின் பின்பக்கத்துப் படிவு, டான்சில் குழிகளில் சேரும் கட்டிகள் ஆகியவற்றிலும் இதே கந்தக வாயுக்கள் உருவாகின்றன. வாய் நாற்றத்தில் பெரும்பகுதி வாயிலேயே தொடங்குவது. ஏப்பம் வராதபோதும் வாடை அடித்தால் முதலில் போக வேண்டியது பல் மருத்துவரிடம்.

தங்கிப்போனது

இரைப்பையின் அடிப்பாகம் நிமிடத்துக்கு சுமார் மூன்று அலைகள் வீதம் சுருங்கி, திட உணவை அரைக்கிறது. துகள்கள் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியான பிறகே சிறுகுடலுக்கு இறங்க முடியும். இந்த அசைவு சோர்ந்துபோவதை மருத்துவர்கள் காஸ்ட்ரோபரேசிஸ் என்கிறார்கள். தமிழில் ‘இரைப்பை மந்தம்’ என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும், குமட்டும், பல மணி நேரம் முன்பு சாப்பிட்டது அப்படியே வாந்தியில் வரும். தங்கிய உணவில் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கினால் ஏப்பம் நாறும்.

இதை அளக்கும் முறை ஒரு சிற்றுண்டியில் தொடங்குகிறது. முட்டை வெள்ளைக்கருவில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை மிகச் சிறிதளவு கலந்து சமைத்து, இரண்டு ரொட்டித் துண்டு, ஸ்ட்ராபெரி ஜாம், ஒரு டம்ளர் தண்ணீரோடு கொடுப்பார்கள். மொத்தம் சுமார் 255 கலோரி. பிறகு காமா கேமராவின் முன் நிற்க வைத்து, உடனே ஒரு படம், ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் 123 ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஆய்விலிருந்து, நான்கு மணி நேரத்துக்குப் பிறகு 10 விழுக்காட்டுக்கு மேல் வயிற்றில் மிச்சமிருந்தால் தாமதம் என்ற அளவுகோல் வந்தது. முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காகத் தென்னிந்தியாவில் இட்லியை வைத்தும் இந்தச் சோதனையைச் செய்து அளவு நிர்ணயித்திருக்கிறார்கள்.

மந்தத்துக்கு நன்கு அறியப்பட்ட காரணம் நீண்ட நாள் சர்க்கரை நோய். கட்டுக்குள் வராத சர்க்கரை, ஆண்டுகள் போகப்போக வேகஸ் நரம்பைச் சிதைக்கிறது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று கணக்கிட்டது. அவர்களில் எல்லோருக்கும் இரைப்பை மந்தம் வருவதில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடச் சர்க்கரை நோயாளி நாறும் ஏப்பத்தையும் சீக்கிரம் நிறையும் வயிற்றையும் சேர்த்துச் சொன்னால், கேட்கும் மருத்துவர் காது கொடுப்பார்.

இப்போது இன்னொரு காரணமும் வந்திருக்கிறது. சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் போடப்படும் செமாக்ளூடைடு, டிர்செப்படைடு ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. பசி குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். மருந்தோடு வரும் தாளிலேயே பக்கவிளைவுகளில் ஏப்பமும் இருக்கிறது. ஊசி போட்டவர்களில் சிலர் சொல்வது அச்சு அசல் அழுகிய முட்டை வாடை. கொழுப்பு நிறைந்த விருந்துச் சாப்பாடு தன் பங்குக்கு இரைப்பையை மேலும் தாமதப்படுத்தும். ஊசியோடு பிரியாணியும் சேர்ந்தால் அடுத்த நாள் காலை விடியும் விதம் அப்படித்தான் இருக்கும்.

அசைவு சரியாக இருந்தும் வாசல் அடைத்துப்போவது உண்டு. நாள்பட்ட புண் ஆறி ஆறித் தழும்பாகி, இரைப்பையின் வெளிவாசலைச் சுருக்கிவிடும். சில சமயம் அங்கே வளரும் புற்றுநோய் அடைக்கும். பழைய மருத்துவர்களுக்கு இதற்குக் கருவி தேவைப்படவில்லை. கடைசியாகச் சாப்பிட்டு நான்கு மணி நேரம் ஆன நோயாளியைப் படுக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பை மேல்வயிற்றில் வைத்து, இடுப்பைப் பிடித்து லேசாகக் குலுக்குவார்கள். பாதி நிரம்பிய குடத்தைப்போல ‘சளக் சளக்’ என்று சத்தம் கேட்டால், காலியாகியிருக்க வேண்டிய வயிறு காலியாகவில்லை.

குடிவந்தவை

1681-இல் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட ஆன்டனி வான் லீவன்ஹூக், தன் மலத்தையே தன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நீளவாக்கான, அடிப்பக்கம் தட்டையான சின்ன உயிர்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அவர் விவரித்தது ஜியார்டியாவை என்றே இன்று கருதுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றுப் பெரிய இந்த ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, வயிற்றுப்பக்கத்துத் தட்டால் சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் சரியாக உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்குகின்றன. மிச்சத்தை மற்ற நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கின்றன. வயிறு உப்பும், மலம் பிசுபிசுப்பாக மிதக்கும், ஏப்பம் கந்தகமாக நாறும். ஓடை நீரைக் குடித்துவிட்டு ஊர் திரும்பும் மலையேறிகளிடம் இந்த ஏப்பம் பிரசித்தம்.

தண்ணீர் குடித்து ஒன்று, இரண்டு வாரம் கழித்தே தொல்லை தொடங்கும் என்பதால் பலரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. ஜியார்டியாவின் கூடு மிகச் சொற்பமாக உள்ளே போனாலும் போதும். 1954-இல் ரென்டார்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்வந்த சிறைவாசிகளிடம் நடத்திய சோதனையில் பத்துக் கூடுகளே தொற்றை உண்டாக்கின. இன்றைய அறம் அனுமதிக்காத சோதனை, ஆனால் அந்த எண் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரின் அளவு இந்தக் கூடுகளிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் செத்துவிடும்.

பணக்கார நாடு, சுத்தமான நகரம் என்பதெல்லாம் இதற்குத் தெரியாது. 2004-இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஒரு குடிநீர் ஏரியில் கழிவுநீர் கசிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஜியார்டியா தொற்றியது உறுதியானது. மூன்று ஆண்டுகள் கழித்தும் விசாரித்தார்கள். தொற்று வந்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கு எரிச்சல் குடல் நோயின் அறிகுறிகள் இருந்தன. தொற்று வராதவர்களில் 14 விழுக்காடு. ஒட்டுண்ணி போன பிறகும் குடல் பழைய நிலைக்குத் திரும்பச் சிலருக்கு வெகுகாலம் ஆகிறது.

வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. பெருங்குடல் வாசிகள் சிறுகுடலில் பெருகிவிடும் ‘சிறுகுடல் பாக்டீரியாப் பெருக்கம்’ என்ற நிலையும் உண்டு. சர்க்கரை நோய், பழைய குடல் அறுவைகள் ஆகியவற்றால் அலையசைவு கெட்டவர்களிடம் இது வரும். கண்டறிவது ஊதிப் பார்த்துத்தான். மனித செல்கள் எதுவும் ஹைட்ரஜன் வாயுவை உருவாக்குவதில்லை. எனவே குளுக்கோஸ் கரைசலைக் குடித்த கொஞ்ச நேரத்தில் மூச்சில் ஹைட்ரஜன் கூடினால், குளுக்கோஸ் பெருங்குடலை எட்டும் முன்பே பாக்டீரியாக்கள் அதில் கைவைத்துவிட்டன என்று பொருள். சமீப ஆண்டுகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் சேர்த்து அளக்கும் மூச்சுச் சோதனை அமெரிக்காவில் வந்திருக்கிறது.

இதில் அமிலத்தின் பங்கை ஒருவர் தன் உடம்பிலேயே காட்டினார். இரைப்பைப் புண்ணுக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவே காரணம் என்று சொன்ன ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், யாரும் நம்பாததால் 1984-இல் அதை வளர்த்த திரவத்தையே குடித்தார். சில நாளில் வயிறு உப்பியது, குமட்டியது, வாய் நாறுகிறது என்று வீட்டில் சொன்னார்கள். காலையில் எடுத்த வாந்தியில் அமிலமே இல்லை. புதுத் தொற்று அமிலச் சுரப்பைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டிருந்தது. 2005-இல் ராபின் வாரனோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமலே வருடக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். அந்த மாத்திரைகள் புண்ணை ஆற்றுவதில் கெட்டிக்காரர்கள்தான். கூடவே, கிருமிகளைத் தடுக்கும் அமிலத்தையும் அவை குறைக்கின்றன.

வழி மாறியது

நான்காவது காரணம் இன்று அபூர்வம். ஒரு காலத்தில் தென்னகத்து அறுவை மருத்துவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஆங்கிலேய மருத்துவர் ஹாவர்ட் சோமர்வெல், முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது, அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குப் போனார். நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே பணிசெய்ய வந்துவிட்டார். அந்தப் பகுதியில் முன்சிறுகுடல் புண் மலிந்திருந்தது. வாசல் அடைபட்ட இரைப்பைக்கு அப்போதிருந்த முக்கியச் சிகிச்சை, இரைப்பையைச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு நேரடியாக இணைத்துத் தைப்பது.

இந்த இணைப்பு பலரைப் பிழைக்க வைத்தது. சிலருக்கு மட்டும், எந்த ஊரில் செய்தாலும், வருடங்கள் கழித்துத் தையல் ஓரத்தில் புதுப் புண் வந்து, பக்கத்தில் கிடக்கும் பெருங்குடலுக்குள் துளைத்துவிடும். அப்போது ஏப்பத்தில் மல வாடையே அடிக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது, ஆள் உருகிப்போவார். சாப்பிட்டது குறுக்கு வழியில் பெருங்குடலுக்கு இறங்கிவிடுவதால்தான் மெலிகிறார் என்று முதலில் எண்ணினார்கள். எக்ஸ்ரே வேறு கதை சொன்னது. பேரியத்தை வாய் வழியே கொடுத்தால் பல நேரம் ஓட்டை தெரியவில்லை. ஆசனவாய் வழியே ஏற்றினால் நேராக இரைப்பைக்குப் போய் நின்றது. கீழே இருப்பது மேலே ஏறுவதுதான் பெரிய கேடு. புண்ணுக்கு மாத்திரையும் ஹெலிகோபேக்டருக்கு ஆன்டிபயாடிக்கும் வந்த பிறகு இந்த அறுவைகளே அரிதாகிவிட்டன.

மருத்துவரிடம் எப்போது?

விருந்துக்கு மறுநாள் வந்து, இரண்டொரு நாளில் போய்விடும் முட்டை ஏப்பத்துக்கு வைத்தியமே வேண்டாம். வெங்காயம், முட்டைக்கோஸ், கறுப்பு உப்பு, பால் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் பல நேரம் குற்றவாளி சிக்கிவிடும்.

வாரக்கணக்கில் தொடர்ந்தால் கதை வேறு. எடை குறைதல், விழுங்கக் கஷ்டம், நேற்றைய சாப்பாடு இன்றைய வாந்தியில் வருதல், ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், ரத்தசோகை, ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாகத் தொடங்கிய தொல்லை, இவற்றில் ஏதாவது ஒன்று கூட வந்தாலும் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது. நாற்றத்தை மட்டும் வைத்து எந்த நோயையும் உறுதி செய்ய முடியாது. கூட என்ன வருகிறது என்பதே வழி காட்டும்.

நாற்றமே இல்லாத ஏப்பம் ஒன்றும் ஆபத்தானது. மேல்வயிற்றில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, ஒரு ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்ற உணர்வு: இதயத்தின் அடிச்சுவரில் வரும் மாரடைப்பு இப்படி வயிற்றுக் கோளாறு வேஷத்தில் வருவதுண்டு. சோடா குடித்துக் காத்திருக்கும் நேரத்தில் 108-ஐ அழைத்து இசிஜி எடுக்கப் போவது மேல்.

வயிற்று மருத்துவரிடம் போகும்போது சில விவரங்கள் கையில் இருந்தால் அவருக்கு வேலை பாதியாகக் குறையும். ஏப்பம் சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வருகிறது, எந்தெந்த மாத்திரை, ஊசி போடுகிறீர்கள், பழைய அறுவை உண்டா, கடந்த மாதம் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தீர்கள் என்று அவர் கேட்பார். மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், ஒரு நாள் மாதிரியில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்ததும் விட்டுவிடக் கூடாது. ஜியார்டியா தினமும் வெளியேறுவதில்லை; அதனால் வெவ்வேறு நாள்களில் மூன்று மாதிரிகள் கேட்பதுதான் வழக்கம்.